100% வேலை, நகராத டிஸ்க்

‘டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கிறது. வேகமோ வினாடிக்கு 1 எம்பிகூட இல்லை. ஹார்ட்வேர் டெஸ்ட்டில் மெமரி தேறிவிட்டது, ஹார்ட் டிஸ்க் தேறவில்லை. ஃபார்மட் செய்தால் சரியாகுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஃபார்மட் வேண்டாம். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

அந்த 100%, டிஸ்க் எவ்வளவு நேரம் கையில் வேலையோடு இருக்கிறது என்பதற்கான கணக்கு. நல்ல ஹார்ட் டிஸ்க்கும் அதைத் தொடும். சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களை வினாடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் தேடிப் படிக்க முடியும். முறைக்கு 4 கேபி என்றால் மொத்தமே 400 கேபி. ஆகவே சராசரி பதில் நேரத்தைப் பாருங்கள். சில பத்து மில்லிவினாடி என்றால் அப்டேட்டோ ஆன்டிவைரஸோ ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் எகிறினால் டிஸ்க்கே திணறுகிறது.

திணறும் விதம்தான் அழகு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று 8.3 மில்லிவினாடி. படித்த செக்டரில் சில பிட்டுகள் பிசகினால், கூடவே எழுதிவைத்த பிழைதிருத்தக் குறியீட்டைக் கொண்டு டிஸ்க் கணக்குப் போட்டே மீட்டுவிடும். பிசகு அதிகமானால் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து மறுபடி படிக்கும். ஹெட்டை இழையளவு விலக்கி மறுபடியும்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்கும் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். மை மங்கிய ஒரு வரி. வெளிச்சத்தில் சாய்க்கிறார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் கேட்பதெல்லாம் தெளிவான பக்கங்களில் இருந்தும் வரிசை நகராது. விண்டோஸ் வழக்கமாக 60 வினாடி பொறுக்கும். பிறகு அவரை உலுக்கி அதே வரியைத் திரும்பக் கேட்கும். அவர் அந்த வரியை அடித்துவிட மாட்டார். சொத்துக்கு வேறு சான்று கிடையாதே. ஓரத்தில் குறித்துவைப்பார். அங்கே புதிதாக எழுதச் சொன்னால் எழுதிப் பார்ப்பார். மை நிற்காவிட்டால்தான் கடைசியில் விட்டிருக்கும் வெற்றுப் பக்கத்துக்கு மாற்றுவார்.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலின் 197-ஆம் எண் இந்த ஓரக் குறிப்புகளின் கணக்கு. 5-ஆம் எண், இடம் மாற்றியவை. 199 ஏறினால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், டிஸ்க் தப்பிக்கலாம். இரண்டு நிமிடக் குறுஞ்சோதனை தட்டு முழுவதையும் படிப்பதில்லை; மணிக்கணக்கில் ஓடும் நீண்ட சோதனைதான் படிக்கும்.

 

‘டிஸ்க் ஆரோக்கியம் 100%’ என்று பச்சை விளக்கு காட்டும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். தட்டைத் துழாவும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

முழு ஃபார்மட் எல்லா செக்டரிலும் புதிதாக எழுதுவதால் ஓரக் குறிப்புகள் தீர்ந்து, டிஸ்க் டெஸ்ட்டில் தேறிவிடக்கூடும். உங்கள் ஃபைல்கள் போயிருக்கும். தட்டைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கும். ஃபைல்களை நகலெடுக்கவே முடியவில்லை என்றால் ‘டிடி-ரெஸ்க்யூ’ போன்ற இலவச மென்பொருள் உதவும். அது மங்கிய இடத்தைத் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுத்தான் மங்கியதற்குத் திரும்பும்.