டொமிசைல்: வீட்டில் பிறந்து கச்சேரிக்கு வந்த சொல்

மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுமா? மகள் மாநில அரசு வேலைக்கு மனுப் போடுகிறாளா? சொந்த மண்ணை விட்டு வந்து பிழைக்கும் தமிழர் எவரும் ஒரு நாள் 'டொமிசைல்' என்ற சொல்லின் முன்னால் போய் நின்றே தீரவேண்டும். மராட்டியில் பேசும் குமாஸ்தாவும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார். இந்தியில் பேசுகிறவரும் அதைத்தான் சொல்லுவார். ஆங்கிலம் தெரியாதவர் வாயிலும் தடுமாறாமல் வரும் ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

மகாராஷ்டிர மாநிலத்தில் இந்தத் தாளின் முழுப் பெயர், வயது, தேசியம், டொமிசைல் ஆகிய மூன்றுக்குமான சான்றிதழ். அந்த மாநிலத்தில் 15 ஆண்டுகள் தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் கிடைக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு, லைட் பில் என்று பழைய தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடாத குடும்பம் உண்டா?

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் 'டோமுஸ்' என்றால் வீடு. அதிலிருந்து 'டோமிகிலியும்' வந்தது. குடியிருக்கும் இடம் என்று பொருள். அதன் பின்பாதியில் 'கோலெரே' என்ற வினைச்சொல் ஒளிந்திருக்கிறது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். உழு, பயிரிடு, ஓரிடத்தில் தங்கி வாழ் என்று அதற்குப் பல பொருள் உண்டு. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது டொமிசைல்.

டோமுஸின் குடும்பம் பெரியது. வீட்டு வேலை சம்பந்தமான 'டொமஸ்டிக்' அதன் பிள்ளை. வீட்டின் எஜமான் 'டோமினுஸ்'. அவன் வழியில் வந்தவை 'டொமினியன்', 'டாமினேட்' முதலியவை. வீட்டின் எஜமானி 'டோமினா'. அவள் பிரெஞ்சில் 'தாம்' ஆகி, 'என் எஜமானி' என்ற பொருளில் 'மதாம்' ஆகி, நம் ஆபீசில் 'மேடம்' என்று உட்கார்ந்திருக்கிறாள்! கோலெரேக்கும் பிள்ளைகள் உண்டு. 'அக்ரிகல்ச்சர்' ஒன்று. 'கல்ச்சர்' மற்றொன்று. 'காலனி' இன்னொன்று. ரோமாபுரிக்காரர்கள் வெளியூரில் போய்க் குடியேறி உழுது வாழ்ந்த இடம் 'கொலோனியா'. பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து வாழும் இடத்தை இன்று நாம் காலனி என்று சொல்வது பொருத்தம்தான்.

தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. 'குடி' என்றால் வீடு, குடும்பமும் குடிதான், நாட்டின் பிரஜையும் குடிதான். குடியேறுகிறோம், குடிக்கூலி கொடுக்கிறோம், குடிமகன் ஆகிறோம். வீடு என்ற ஒரு சொல்லிலிருந்து உரிமை வரை ஏறிப்போகும் படிக்கட்டு இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

குலதெய்வம் எங்கே?

வீடு எப்படிச் சட்டமாயிற்று? ரோமாபுரிச் சட்டத்தில் இதற்கு ஓர் இலக்கணம் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட டயோக்ளீஷியன் முதலிய மன்னர்கள் வகுத்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த சட்டநூலில் இடம் பெற்றது. ஒருவன் தன் குலதெய்வத்தை எங்கே வைத்திருக்கிறானோ, சொத்து சுகத்தில் பெரும்பங்கு எங்கே இருக்கிறதோ அதுவே அவன் டோமிகிலியும் என்பது அதன் சாரம். அந்த ஊரை விட்டுக் கிளம்பினால் அவன் வழிப்போக்கன். திரும்பி வந்தால் பயணம் முடிந்தது.

இந்த அளவுகோலை நம் மீது வைத்துப் பாருங்கள். ரேஷன் கார்டு தாராவியில் இருக்கும். குலதெய்வம் திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆலமரத்தடியில் இருக்கும். நாம் ஊருக்குப் போகும்போது பயணம் கிளம்புகிறோமா, பயணத்தை முடிக்கிறோமா? ரோமாபுரி மன்னரே திணறிப்போவார்.

இங்கிலாந்துச் சட்டம் இதை இன்னும் கடுமையாக்கியது. பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு டொமிசைல் ஒட்டிக்கொள்ளும். பொதுவாக அது தகப்பனாருடையது. அதை உதறிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பெற வேண்டுமானால் வேறிடத்தில் வசித்தால் மட்டும் போதாது. இனி இங்கேயே இருந்துவிடுவது என்ற எண்ணமும் வேண்டும். அந்த எண்ணத்துக்கு வக்கீல்கள் வைத்த லத்தீன் பெயர் 'அனிமுஸ் மானெண்டி'. 'மானெரே' என்றால் தங்கு. 'பெர்மனென்ட்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

இதற்கு ஒரு விசித்திரமான வழக்கு உண்டு. ஜார்ஜ் போவி என்பவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். 37 வயதில் வேலையை விட்டவர், பிறகு சாகும் வரை எந்த வேலையும் பார்க்கவில்லை. 1892இல் இங்கிலாந்தில் உள்ள லிவர்பூலுக்கு வந்து, தம்முடைய சகோதரர் ஆதரவில் காலம் தள்ளினார். 1927இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். தாயார் இறந்தபோதுகூடக் கிளாஸ்கோவுக்குப் போக மறுத்துவிட்டார். தமக்குக் கல்லறை நிலம்கூட லிவர்பூலிலேயே வாங்கி வைத்தார். ஆனால் கேட்பவரிடமெல்லாம் தாம் கிளாஸ்கோக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கிளாஸ்கோ பத்திரிகையை வரவழைத்துப் படிப்பார்.

அவர் எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்து இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது செல்லும். இங்கிலாந்துச் சட்டப்படி செல்லாது. ஆகவே அவர் எந்த ஊர்க்காரர் என்பதே வழக்காயிற்று. 1930இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: இத்தனை ஆண்டு லிவர்பூலில் இருந்தும் அவர் கிளாஸ்கோக்காரர்தான், உயில் செல்லும்! லிவர்பூலை அவர் தம் ஊராகத் தேர்ந்து கொண்டதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். இந்தத் தீர்ப்பு சரியா என்று சட்டக்காரர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள். தாய் இறந்ததற்கும் போகாதவரை ஊர்க்காரர் என்பது எனக்கும் சற்று அதிகமாகத்தான் படுகிறது.

இந்தியாவில் எத்தனை டொமிசைல்?

ஒன்றே ஒன்றுதான். இது பலருக்குத் தெரியாது. நம் அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவு 'இந்திய எல்லைக்குள் டொமிசைல்' என்றுதான் பேசுகிறது. மகாராஷ்டிர டொமிசைல், கர்நாடக டொமிசைல் என்று பேசவில்லை. 1984இல் மருத்துவக் கல்லூரி இடங்கள் பற்றிய பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி இதை விளக்கமாக எழுதினார். மாநிலங்கள் வெறும் வசிப்பிடத்தைச் சொல்ல இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகின்றன, விதிகளிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. மாநிலங்கள் எடுக்கவில்லை. தாசில்தார் ஆபீஸ் கவுண்ட்டரில் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சொல் தவறு என்றாலும் அதன் பலன் மெய். எம்.பி.பி.எஸ். வகுப்பில் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு இடம் ஒதுக்குவதைக் கோர்ட்டு ஒரு வரம்புக்குள் அனுமதித்திருக்கிறது. ஆனால் மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்குவது செல்லாது என்று 2025 ஜனவரி 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அரசு வேலையில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. வசிப்பிட நிபந்தனை போட வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் சட்டம் செய்யலாம்.

தனியார் வேலை? அரியானா மாநிலம் 2020இல் ஒரு சட்டம் செய்தது. மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் அந்த மாநிலத்தில் டொமிசைல் உள்ளவர்களுக்கே என்றது. 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது.

தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டொமிசைல் சான்றிதழ் கிடைத்துவிட்டால் சாதிச் சலுகையும் கூடவே வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியல் சாதி என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் பட்டியலில் இருப்பவர் பிழைப்புக்காக மகாராஷ்டிரத்துக்கு வந்தால், அந்த மாநில அரசின் ஒதுக்கீட்டை அதே உரிமையில் கேட்க முடியாது என்று 1990இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2018இலும் அதையே உறுதி செய்தது. ஜனாதிபதியின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததா என்று அதிகாரிகள் கேட்பது அதனால்தான். மத்திய அரசு வேலைக்குத் தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழ் பயன்படும். அதைத் தொலைத்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் கேட்பது வேறு தாள்: 'நேட்டிவிட்டி', அதாவது பிறப்பிடச் சான்றிதழ். அதுவும் லத்தீன்தான். 'நாஸ்கி' என்றால் பிற. டொமிசைல் இருக்கும் வீட்டைக் கேட்கிறது, நேட்டிவிட்டி பிறந்த மண்ணைக் கேட்கிறது. மும்பையில் பிறந்த நம் பிள்ளை இரண்டு கவுண்ட்டருக்கும் நடுவில் நிற்கிறான்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் 'டொமிசைல்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'இன்' வரும். வெள்ளையர் காலத்தில் இங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியரை 'டொமிசைல்ட் ஐரோப்பியர்' என்றார்கள். மருத்துவச் செலவு பாரத்தில் வரும் 'டொமிசிலியரி' என்ற சொல்லைக் கண்டு மாநிலச் சான்றிதழைத் தேடி ஓட வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்ட வைத்தியம் என்று பொருள். அங்கே அந்தச் சொல் பழைய டோமுஸாகவே, வெறும் வீடாகவே இருக்கிறது.