மலைச்சரிவை வரையாத பிளான்

தம்பி, வீட்டைப் பின்பக்கம் நீட்டி ஒரு குசினியும் அதற்கு மேலே ஓர் அறையும் போட வேண்டும் என்கிறீர்கள். நல்ல காரியம். அம்மாவுக்குப் புகையில்லாத இடம் வேண்டும், தங்கைக்குப் படிக்க ஒரு மூலை வேண்டும். மேசன் பாஸிடம் பேசியாயிற்று, ஹட்டனில் பிளானும் வரைந்தாயிற்று என்று தாளை விரித்துவிட்டீர்கள். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சுவர், கதவு, சன்னல், தூண் எல்லாம் அளவோடு இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு அடியில் நிலம் ஒரே நேர்கோடாக ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் கட்டும் வீட்டுக்கு அந்தக் கோடு போதும். நீங்கள் கட்டப் போவது டிக்கோயாவில். குசினி வரவேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்கும் மேலே மண்மேடு நிற்கிறது. மேட்டின் மேல் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி, அதற்கும் மேலே தேயிலை மலையிலிருந்து இறங்கும் கான். இதில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. பிளான் வரைந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் இடத்தை வந்து பார்க்கவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை.

மலையகத்தில் வீட்டைப் பெருப்பிப்பது என்றால் பெரும்பாலும் மண்மேட்டை வெட்டுவதுதான். உங்கள் காணி ஏழு பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடு 550 சதுர அடி என்றால் நிறைய இடம் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். மிச்சத்தில் பாதி சரிவு. மாசியில் செங்குத்தாக வெட்டினால் மண் சுவர்போல் நிற்கும். பாஸும் “பாருங்க, எவ்வளவு உறுதி” என்பார். தென்மேல் பருவமழை பிடித்ததும் நீர் மண்ணின் இடுக்குகளில் நிறைகிறது. மண்துகள்களின் பிடி தளர்கிறது, மண்ணின் பாரமோ கூடுகிறது. அடியில் முட்டுக்கொடுத்திருந்த மண்ணைத்தான் நாம் குசினிக்காக எடுத்துவிட்டோமே! சில மேடுகள் முதல் மழையில் விழும். சில ஐந்தாறு வருடம் நின்று, எல்லாரும் மறந்த பிறகு விழும்.

தாங்குசுவர் கட்டுகிறேன் என்பீர்கள். கட்டத்தான் வேண்டும், ஆனால் கொங்கிறீட் போட்டாலே போதும் என்று நினைக்காதீர்கள். சுவரின் பின்னே தேங்கும் நீர்தான் அதைத் தள்ளும். பின்பக்கம் கல்லும் சரளையும் நிரப்பி, அடிப்பகுதியில் நீர் கசியத் துளை விட்டு, அந்த நீர் போகக் கான் வைக்க வேண்டும். அந்தக் கான் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. கீழ் வீட்டுக்காரரின் இஸ்தோப்புக்குப் போனால் சண்டை, உங்கள் தூணின் அடிக்குப் போனால் அதைவிட மோசம்.

ஆகவே பிளான் வரைபவரும், தூணும் பீமும் கணக்குப் பார்க்கும் பொறியியலாளரும், மண் வெட்டும் பாஸும் ஒரே நாளில் இடத்துக்கு வர வேண்டும் என்கிறேன். மேல்வீட்டிலிருந்து கீழ்வீடு வரைக்கும் சரிவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு படம் போடச் சொல்லுங்கள். வெட்டும் மண், தாங்குசுவர், அத்திவாரம், பீலித் தண்ணீர், குசினித் தண்ணீர், மலசலகூடக் குழி எல்லாம் அந்த ஒரே தாளில் வரட்டும். ஆளுக்கொரு தாளில் வரைந்தால் ஒருவர் தூண் வைத்த இடத்தில் இன்னொருவர் குழாயை இறக்கியிருப்பார். அதை பாஸ் கண்டுபிடிப்பது கொங்கிறீட் போடும் காலையில்.

இதெல்லாம் பெரிய ஹோட்டல்காரர்களுக்குத்தானே என்று கேட்கலாம். சரி, ஒரு ஹோட்டலையே பார்ப்போம். கந்தப்பளைக்கு மேலே ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டுக் கிடந்தது. எய்ட்கன் ஸ்பென்ஸ் அதை ஹோட்டலாக மாற்றி 1996இல் திறந்தது. கட்டடக்கலைஞர் நிஹால் போதிநாயக்க. வெளித்தோற்றம் தொழிற்சாலைதான், வரிசை வரிசையான சன்னல்கள்கூட அப்படியே. கொழுந்து வாட்டிய மாடிகள் அறைகளாயின. பழைய எஞ்சினும் பெல்ட் சக்கரங்களும் காட்சிக்கு நிற்கின்றன. போகிறவர்கள் அழகைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. வாட்டும் மாடி என்பது பரப்பிய கொழுந்தைத் தாங்கக் கட்டியது. அங்கே அறைச் சுவரும் குளியலறையும் வந்தால் பாரமே வேறு. குழாயும் கழிவுநீரும் மாடிக்கு மாடி நேராக இறங்க வேண்டும். தீப்பிடித்தால் விருந்தாளி வெளியேற வழி வேண்டும். பழைய இரும்புச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் அறைக்குக் கோடு போட முடியாது. அறை எங்கே என்று தெரியாமல் பாரத்தைக் கணக்குப் பார்க்கவும் முடியாது. உங்கள் குசினிக்கு மேலே வரும் அறைக்கும் இதே கணக்குத்தான். அறையின் ஒரு பக்கம் பழைய சுவரில் ஏறினால், இப்போதிருக்கும் அத்திவாரம் மாடியைத் தாங்கப் போட்டதா என்று யாராவது தோண்டிப் பார்த்தார்களா?

தோட்ட லயத்தில் இருக்கும் உங்கள் மாமா வீட்டைப் பெருப்பிக்க நினைத்தால் இன்னும் சிக்கல். பத்துப் பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஒரே முகடு. இவர் தன் பக்கத்துத் தகரத்தைக் கழற்றி உயர்த்தினால் பக்கத்துக் காம்பராவில் ஒழுகும். நடுச்சுவர் இருவருக்கும் சொந்தம், அல்லது இருவருக்கும் சொந்தமில்லை. 1915இன் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம், கொழும்பில் பிளேக் வந்த மறுவருடம், வீட்டின் பின்னே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்தவெளி விடச் சொன்னது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கமே கிடையாது. அங்கே மாடி எழுப்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி அனுமதி. முதல் கேள்வி காணி யாருடையது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் நிலம் அரசிடமே இருந்தது, கம்பனிக்குக் குத்தகைதான். உங்கள் ஏழு பேர்ச்சஸுக்கு உறுதி கையில் இருந்தால் அதையும் நில அளவை வரைபடத்தையும் வைத்து விண்ணப்பிக்கலாம். உறுதி இல்லையென்றால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். துரை வாயால் சொன்ன சம்மதம் அவர் மாற்றலாகிப் போகும்வரைதான்.

அடுத்தது மண்சரிவு அறிக்கை. மத்திய மலைநாட்டில் 1986இல் நடந்த சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் அபாய வரைபட வேலை தொடங்கியது. அதைச் செய்யும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பாறையின் அமைப்பு, மண்படையின் தடிப்பு, சரிவின் கோணம், நீரோட்டம், நிலப் பயன்பாடு, நிலத்தின் வடிவம் என்று ஆறு விஷயங்களைப் பார்க்கிறது. 2011இலிருந்து அபாயமுள்ள பத்து மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் அதன் சிபாரிசு கேட்கப்படுகிறது. நுவரெலியா அதில் ஒன்று. அதிகாரிகள் வந்து பார்த்து, இவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டாதே, இந்தக் கானை மூடாதே என்று நிபந்தனை எழுதுவார்கள். அதை வாங்கிய பிறகு பிளான் வரைந்தால் ஒருமுறை வரைந்தால் போதும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்து இரண்டு தடவை காசு கொடுக்கிறார்கள்.

இது வெறும் கடதாசி என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாற்றுக் காணி கொடுக்காமல் எழுந்து போ என்றால் சனங்கள் எங்கே போவார்கள்? திட்வா புயல் வந்த 2025 நவம்பரிலும் மலையகம் அதே கேள்வியோடுதான் நின்றது. ஆனால் உங்களுக்கு இன்று தெரிவு இருக்கிறது. மேட்டை வெட்டாமல் முன்பக்கம் நீட்டலாமா என்றாவது கேட்டுப் பாருங்கள்.

பிறகு பிரதேச சபை. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் வேலை செய்ய விடாமல் வெகுகாலம் கையைக் கட்டியிருந்தது; 2018இல் திருத்தினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் அந்தக் காலத்தில்தான் வந்தன. நகர எல்லைக்குள் என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் சேரும். ஏ7 வீதியோரம், ரயில் பாதையோரம், ஆற்றோரம் என்றால் அந்தந்தத் திணைக்களத்தின் எல்லைக்கோடு எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு ஒத்திசைவுச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள். கட்டடம் அனுமதித்த பிளான்படி எழுந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பாஸ் நடுவில் சன்னலை நகர்த்தினாலும் சரி, கானைத் திருப்பினாலும் சரி, கட்டும்போதே திருத்திய படத்தைச் சபைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தை முதல் பங்குனி வரைக்கும்தான் மண் வெட்டத் தோதான காலம். அதற்குள் கடதாசி எல்லாம் கைக்கு வர வேண்டுமானால் ஆவணியிலேயே விண்ணப்பம் போக வேண்டும். மணலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? போன் பண்ணி, இப்போது இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.