ரேஷன் அரிசியும் வறுமைக் கோடும்

அரசு உதவி ஏழையைக் கரையேற்றுமா, கையேந்த வைக்குமா என்ற வாதம் ரேஷன் கடையைவிடப் பழையது. 1834-இல் இங்கிலாந்து ஏழைகள் சட்டத்தைக் கடுமையாக்கியபோதும், 1996-இல் அமெரிக்கா ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவிக்கு ஐந்தாண்டு வரம்பு விதித்தபோதும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: சும்மா கிடைத்தால் உழைக்க மாட்டார்கள். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு வளரும் நாடுகளின் ஏழு ரொக்க உதவித் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் உதவி வறுமையில் கட்டிப்போடும் சூழல் ஒன்று உண்டு. வருமானம் ஒரு கோட்டைத் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடும் என்றால், கூடுதலாகச் சம்பாதித்தவருக்கு நஷ்டம். அப்போது அவர் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவது சோம்பலால் அல்ல, விதியால்.

இந்தியாவில் இந்தக் கோடு 1997-இல் ரேஷனுக்குள் வந்தது. வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று மத்திய அரசு குடும்பங்களைப் பிரித்தது. தினக்கூலிக்கு ஒரு மாதம் வேலை இருக்கும், மறு மாதம் இருக்காது. அவர் கோட்டின் எந்தப் பக்கம் என்பதை எந்தக் கணக்கெடுப்பு சரியாகச் சொல்லும்? உண்மையான ஏழைகள் ஏராளமானோர் பட்டியலில் விடுபட்டார்கள், வசதியானவர்கள் பலர் இடம்பிடித்தார்கள்.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் விருப்பத்துக்கே விட்டது. 2008 செப்டம்பரில் அரிசி கிலோ 1 ரூபாய் ஆனது. 2011 ஜூனில் இலவசமானது. மகன் சம்பளம் கொண்டுவரத் தொடங்கினாலும் அட்டை பறிபோகாது. இதற்கு விலையும் உண்டு: மானியச் சுமை பெரிது, கடத்தலும் ஓயவில்லை. ஆனாலும் ஏழை விடுபடுவதைவிட வசதியானவர் சேர்ந்துகொள்வது சிறிய பிழையே.

பள்ளிச் சாப்பாட்டின் பலன் இன்னும் நீண்டது. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய இந்த ஏற்பாட்டை, 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. பள்ளியில் மதிய உணவு பரவலாகக் கிடைத்த தலைமுறைச் சிறுமிகள் தாயானபோது, அவர்களுடைய பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைந்திருந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வேளைச் சோறு அடுத்த தலைமுறை வரைக்கும் போகிறது.

நிதி ஆயோக் கணக்கில் 2019-21-இல் பல பரிமாண வறுமை இந்தியாவில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. தொழிற்சாலைகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இதில் பங்குண்டு. முழுப் பெருமையையும் அரிசிக்கே கொடுக்க முடியாது. அரிசி பசியைத் தீர்க்கும், வேலை தராது. மறுபுறம், 2003 முதல் தமிழ்நாடு அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. கூலியின் ஒரு பங்கு உதவி பெறும் வீடுகளிலிருந்து அரசுக்கே திரும்பிப் போகிறது. இது நலத்திட்டங்களின் பலனை அரிக்கும் கொடுமை.

ரேஷனில் தவிர்த்த கோட்டைத் தமிழ்நாடு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் போட்டது. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. மகளுக்கு வேலை கிடைத்து வருமானம் அதைச் சற்றே தாண்டினாலும், விதிப்படி தாய்க்கு வரும் ஆண்டு 12,000 ரூபாய்க்குத் தகுதி போய்விடும்.