நெருக்கடி ஆணையும் நகர ஆட்சியின் வெளிப்படைத்தன்மையும்: சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டங்களை முன்வைத்து

முன்னுரை

நெருக்கடிக் காலத்தில் அரசு விரைந்து செயல்பட வேண்டியுள்ளது. அதன்பொருட்டு மக்களின் அறியும் உரிமையும் அந்தரங்க உரிமையும் தளர்த்தப்படும்போது, அத்தளர்வுக்கு எல்லை எது என்னும் வினா எழுகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டங்கள் இரண்டு இதற்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. அவற்றை ஒப்பிட்டு விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

புறத்திலிருந்து வந்த விலக்கு

1993இல் இயற்றப்பெற்று, 1999இல் மக்கள் வாக்கெடுப்பின்வழித் திருத்தப்பெற்ற ‘சன்ஷைன்’ சட்டம், நகர அலுவலகங்களின் ஆவணங்களையும் கூட்டங்களையும் மக்களுக்குத் திறந்துவைக்கிறது. எளிய ஆவணங்களை உடனடியாகக் கோருவோருக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் மறுமொழி தரவேண்டும் என்பது இதன் சிறப்புக்கூறு. கலிஃபோர்னியா மாநிலச் சட்டமோ கோரிக்கையின்மீது முடிவெடுக்க 10 நாள்கள் அளிக்கிறது.

கொரோனா பெருந்தொற்றையொட்டி மேயர் லண்டன் பிரீட் 2020 பிப்ரவரி 25 அன்று நெருக்கடிநிலையை அறிவித்தார். மார்ச் மாதத் துணை ஆணைகள் மேற்கண்ட காலவரம்பு உள்ளிட்ட சில விதிகளை நிறுத்திவைத்தன. மாநிலச் சட்டத்தின்கீழ் ஆவணம் பெறும் உரிமை நீடித்தது. விரைந்து பெறும் உரிமையே தடைப்பட்டது. எனினும் ஆணைகள் அடுத்தடுத்து மாறும் காலத்தில், காலந்தாழ்ந்து கிடைக்கும் தகவல் பெரிதும் பயன் இழந்துவிடுகிறது.

அகத்தே அமைந்த விலக்கு

2019 மே மாதம் நிறைவேறிய கண்காணிப்புத் தொழில்நுட்பச் சட்டம், முக அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை நகரத் துறைகள் பயன்படுத்தத் தடைவிதித்தது. பிற கண்காணிப்புக் கருவிகளுக்கு நகர மேற்பார்வையாளர் அவையின் ஒப்புதல் பெற்ற கொள்கையும் ஆண்டறிக்கையும் தேவை. உயிருக்கோ உடலுக்கோ பேராபத்து நெருங்கும் சூழலில் மட்டும் இச்சட்டமே விலக்களிக்கிறது. ஆயின் 7 நாள்களுக்குள் அல்லது ஆபத்து நீங்கியவுடன், இவற்றுள் முந்தியதில், பயன்பாடு நிற்கவேண்டும். தொடர்பற்ற தரவுகளை நீக்கவேண்டும். 60 நாள்களுக்குள் அவைக்கு எழுத்துவழி அறிக்கை அளிக்கவேண்டும். இங்கு விலக்கோடு பொறுப்பும் சேர்ந்தே பிறக்கிறது.

இக்காப்பும் நிலையானதன்று. 2024 மார்ச் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘முன்மொழிவு இ’, கொள்கை ஒப்புதலுக்கு முன்பே புதிய கண்காணிப்புத் தொழில்நுட்பத்தை ஓராண்டு பயன்படுத்தக் காவல்துறைக்கு இடமளித்தது. நெருக்கடிக்கு மட்டும் உரியதாயிருந்த சலுகை இவ்வாறு இயல்புக் காலத்திற்கும் விரிந்தது.

முடிவுரை

நெருக்கடியில் விலக்கு தவிர்க்க இயலாதது. அவ்விலக்கின் காரணம், முடிவுநாள், பின்னர்க் கணக்குக் காட்டும் கடமை ஆகிய மூன்றையும் அமைதிக் காலத்திலேயே சட்டத்துள் எழுதிவைக்க இயலும். நெருக்கடி தோன்றிய பின் அவற்றை வகுக்கும் பொறுப்பு, விலக்கைப் பயன்படுத்துவோரிடமே சென்றுசேர்கிறது.