மூட்டை பிரியும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத பொழுது. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. இன்று அந்தக் கடைகளுக்கு விடுமுறை. அவற்றின் வாசல்தான் பழைய புத்தகக்காரர்களுக்குக் கடை. எத்தனையோ வருடமாக நான் ஒன்பது மணிக்கு வந்து, அடுக்கி வைத்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போனவள். மூட்டை பிரிப்பதைப் பார்க்க இன்றுதான் கடைக்கார அண்ணன் சம்மதித்திருக்கிறார். ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை!

சணல் கயிறு அறுபடுகிறது. தூசி, ரசகற்பூரம், யார் வீட்டுப் பரணோ, எல்லாம் கலந்து குப்பென்று ஒரு வாசனை. பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை இவை. இங்கே வந்திராவிட்டால் இந்நேரம் கூழ். அண்ணன் கை பறக்கிறது: போட்டித் தேர்வு கைடு இந்தப் பக்கம், என்ஜினீயரிங் அந்தப் பக்கம், ஆங்கில நாவல் முன்வரிசை. அதெல்லாம் மத்தியானத்துக்குள் போய்விடும். அட்டை போன தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் ஓரத்துக்கு. நான் அந்த ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சிக்கியது ஒரு பைண்டு. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ‘முற்றும்’ வந்ததும் தைத்து வாங்கியது. உள்ளே ஓவியர் கோபுலுவின் படங்கள்! பின்பக்கத்தில் பாதி விளம்பரம், பாதி வேறு யாருடைய கதையோ. புத்தகமாகவே வராமல் போன தொடர்களுக்கு, ஏதோ ஒரு வீட்டம்மா இப்படிச் சேர்த்து வைத்ததுதான் முதல் பதிப்பு. பதிப்பாளர் பெயர் கிடையாது. மஞ்சள் விரல் அடையாளம் உண்டு.

“அக்கா, இது உங்களுக்கா பாருங்க.”

வை.மு. கோதைநாயகி! ராமபாணப் பூச்சி போட்ட துளை வழியே அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போகாத பெண், 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர், 115 நாவல்கள் எழுதியவர். 115! அவர் வாழ்ந்ததும் இதே திருவல்லிக்கேணியில்தான். எந்த ஊரெல்லாம் சுற்றியதோ, அவருடைய நாவல் சொந்தப் பேட்டைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெண் கல்வியையும் விதவை மறுமணத்தையும் கதைக்குள் வைத்து அடுப்படிவரை கொண்டுபோனவரை, ஜனரஞ்சகம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டோம். எனக்கு அது ஆறாத கோபம். உட்கார்ந்த இடத்திலேயே பத்துப் பக்கம் படித்தேன். என்ன வேகம்!

பக்கத்தில் ஒரு பெரியவர், பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் நினைவில் இருந்தார். 1985 மே மாதம் அது எரிந்ததை இப்போதும் வீட்டு இழவுபோலத்தான் சொல்கிறார். எரிந்த புத்தகங்களில் எந்தெந்த எழுத்தாளர்கள் இருந்தார்களோ. ஆனால் கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள் தப்பின; அந்தச் சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவரும் இப்படி ஓரத்துக்குப் போனவற்றைத்தானே நெஞ்சோடு அணைத்தார்!

என் முகத்தைப் பார்த்தே அண்ணன் கோதைநாயகி நாவலுக்கு விலை சொன்னார். பேரம் பேச வாய் வரவில்லை. முதல் பக்கத்தில் ஊதா மையில், கோணாத கையெழுத்தில்: ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.’ பெயர் இருந்த இடம் கிழிந்திருந்தது.

மணி ஏழரை. இன்னும் மூன்று மூட்டை பிரிக்கவே இல்லை!