செங்கல் நிற்கும், நெருப்பு நடக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் போனால் உருக்காலை உலை நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே, மேற்கே கொஞ்ச தூரம் போனால் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சேம்பர்கள். அங்கே ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் இரவு பகலாக நிலக்கரி எரிகிறது. பழைய பாணிச் சேம்பர்களில் காற்றூத ஒரு மின்விசிறிகூடக் கிடையாது.

நாட்டுச் சூளையில் பச்சைக் கல்லை அடுக்கிக் கொளுத்தி, வெந்ததும் ஆறவிட்டுப் பிரிப்பார்கள். கல்லில் ஏறிய சூடு அத்தனையும் வீண். சேம்பர் என்பது நீள்வட்ட அகழி, நடுவே புகைபோக்கி. கல் அசையாது, நெருப்புதான் நாளுக்குச் சில மீட்டர் நகர்ந்து அகழியைச் சுற்றி வரும். 1876இல் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காப்புரிமை வாங்கிய அமைப்பிலிருந்து வந்தது இது.

வெளிக்காற்று முதலில் வெந்த கற்களுக்குள் நுழைகிறது. அவற்றை ஆற்றும்போதே தானும் சூடேறி நெருப்பை அடைகிறது. அங்கிருந்து கிளம்பும் புகை, முன்னால் காத்திருக்கும் பச்சைக் கல்லை உலர்த்திச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கி ஏறுகிறது. அதற்குள் 100 டிகிரி அளவுக்கு ஆறியிருக்கும். ஆனாலும் வெளிக்காற்றைவிட லேசு. அதனால் மேலே போகிறது, கீழே புதுக் காற்றை இழுக்கிறது.

இந்த இழுப்பு எவ்வளவு? 27 மீட்டர் புகைபோக்கிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 60 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! வெளியே 38 டிகிரி கொதிக்கும் கத்திரி மதியத்தில் 50. அதுவே 25 டிகிரி இரவில் 63. கால் பங்கு வித்தியாசம். ஓரிடத்தில் காற்று ஒழுகினாலும் நெருப்பு மந்தமாகிவிடும். சேம்பரின் மேல்பரப்பில் சாம்பலும் தூளும் கெட்டியாகப் பரப்புவது, சூட்டைக் காக்க மட்டுமல்ல, இந்த ஒழுகலை அடைக்கவும்தான்.

அந்தப் பரப்பின் மேலேதான் நெருப்பு போடுபவரின் வேலை. இரும்பு மூடியைத் தூக்கி, துளைக்குள் கரித்தூளைக் கொட்டி, உடனே மூட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் காற்று போதாமல் கரும்புகை வரும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட்டால் புகை வெளுக்கும்.

கற்களை வளைந்து வளைந்து காற்று போகும்படி அடுக்கினால் அது ஜிக்ஜாக் சூளை. நெருப்பும் காற்றும் நன்றாகக் கலப்பதால் கரி ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சம். பாதை வளைந்தால் தடையும் கூடும்; அதனால் சிலர் விசிறி வைக்கிறார்கள். உயரமான புகைபோக்கி இருந்தால் விசிறியில்லாமலும் ஓட்டலாம். 2022 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பழைய சூளைகளையும் இதுபோன்ற முறைகளுக்கு மாறச் சொன்னது. புகைபோக்கிக்குக் குறைந்தபட்ச உயரமும் விதித்தது.

உயரத்தை டேப் வைத்து அளந்துவிடலாம். அடுக்கு கோணலானால் எந்தப் புகைபோக்கியும் காப்பாற்றாது. அடுக்குபவரும் கரி போடுபவரும் பெரும்பாலும் சீசனுக்கு வந்து போகிற கூலிகள். சேம்பர் முதலாளிகள் புகைபோக்கிக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை இவர்களின் பயிற்சிக்கும் கூலிக்கும் ஒதுக்கினால், கரிச் செலவிலேயே அதை எடுத்துவிடலாம்.