படலையோடு முடியும் உரிமை: நெருக்கடிக் காலத்தில் வீட்டைக் காத்தல்

இலங்கையில் ‘அவசரகால நிலை’ என்பது 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சனாதிபதி பிரகடனப்படுத்தும் ஒரு சட்ட நிலையாகும். ஆயினும் குடும்பமொன்றின் அனுபவத்தில், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராத காலம் எல்லாமே அவசர காலந்தான். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரதேசம் இவ்விரு பொருளிலும் அதனை அறிந்திருக்கிறது. 2008 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் போர்முனை துணுக்காயையும் மல்லாவியையும் கடந்தபோது மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர்; 2009 இன் பிற்பகுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பியவர்களுள் பலர் கூரையும் கதவும் நிலையும் கழற்றப்பட்ட சுவர்களையே கண்டனர். அதன் பின்னர் 2011 இல் இரவில் வீடு புகும் மர்ம மனிதரான ‘கிறீஸ் பூதம்’ பற்றிய பீதியும், 2020 இல் தொற்றுநோய் ஊரடங்கும், 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் நாடு முழுவதையும் போல இப்பிரதேசத்தையும் தொட்டன.

மீள்குடியேறிய குடும்பங்களின் முதல் உறைவிடம் தறப்பாளும் தகரமுமாக இருந்தது. அதற்குப் பூட்டு என்று ஒன்று பொருளற்றது. 2012 ஒக்ரோபரில் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம், பயனாளியே கட்டிக்கொள்ளும் முறையில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபாவைக் கட்டங்கட்டமாக வழங்கியது. கட்டுமானப் பொருள்களின் விலை ஏறிய நிலையில், கூரை வரை எழுந்தும் யன்னல் நிலைக்குப் பணம் எட்டாத வீட்டில் பழைய சேலையோ உரப்பையோதான் யன்னலாகத் தொங்கும். இத்தகைய வீட்டில் காசு குறைவாக இருப்பின் அதனை எல்லா வாசல்களுக்கும் பங்கிடுவதைவிட, பிள்ளைகளும் பெண்களும் உறங்கும் ஓர் அறையை மட்டும் முழுமையாக அடைத்து, அதன் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இரண்டைப் பொருத்துவதே அறிவுடைமை. தாழ்ப்பாளின் வலிமை இரும்பில் அன்றி அதனைப் பிடித்திருக்கும் ஆணியில் தங்கியுள்ளது. கட்டையான ஆணி அடித்த தாழ்ப்பாள் ஓர் உதையில் நிலையோடு பிடுங்கி வரும், மரத்துள் ஆழ இறங்கிய நீண்ட திருகாணி அவ்வளவு எளிதில் வராது.

வேலி பற்றியும் ஒன்று கூறவேண்டும். கிடுகாலோ தகரத்தாலோ உயர அடைத்த வேலி வெளியாரின் பார்வையைத் தடுப்பது உண்மை. ஆனால் ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அதே வேலி அவனை அயலவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள குடியிருப்புகளில், கதியாலும் முள்ளுக்கம்பியும் கொண்ட ஊடுதெரியும் வேலியே, குறிப்பாக மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் செல்லும் பக்கத்தில், கூடுதலான காப்பைத் தரும். அந்த வழியில் ஒரு சூரியமின் விளக்கு இருப்பின், மின்வெட்டின்போதும் இருள் முழுமையாகாது. நீரிறைக்கும் இயந்திரம், உழவு இயந்திரம் ஆகியவற்றின் தொடர் இலக்கத்தைக் கொப்பியொன்றில் எழுதிவைத்தல் சிறிய காரியமாகத் தோன்றினும், களவுபோன பொருள் எங்கேனும் பிடிபடும்போது அது தனதென்று நிறுவ உரிமையாளரிடம் இருக்கும் நல்ல சான்று அதுவே.

பொருள்சார்ந்த இந்த ஏற்பாடுகளைவிடக் குறைவாக அறியப்பட்டது, வீட்டுக்காரருக்குச் சட்டம் வழங்கியுள்ள இடமும் அதன் எல்லையுமாகும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் ‘தனியார் தற்காப்புரிமை’யை, அதாவது தன்னுடைய அல்லது பிறருடைய உடலையும் சொத்தையும் தாக்குதலிலிருந்து காக்கும் உரிமையை, வரையறுக்கின்றன. தாக்குபவனால் மரணமோ கொடுங்காயமோ நேருமென்ற நியாயமான அச்சம் எழுமிடத்தும், பாலியல் வன்புணர்வு நோக்குடன் தாக்குதல் நடைபெறுமிடத்தும், தற்காப்பில் அவனது உயிர் போகினும் அது குற்றமாகாது என 93 ஆம் பிரிவு கூறுகிறது. கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் ஆகியவற்றுக்கு எதிராகச் சொத்தைக் காப்பதற்கும் 96 ஆம் பிரிவு அதே அளவு இடமளிக்கிறது. ‘வீடுடைத்தல்’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் கதவை உடைப்பதோடு நிற்பதில்லை. மனிதர் உட்புகுவதற்கென அமையாத வழியால் நுழைதலும், பூட்டைத் திறந்து நுழைதலும் அதனுள் அடங்கும்.

இவ்வளவு தாராளமான சட்டம் இரண்டு இடங்களில் கையை இறுக்கிக்கொள்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடிய தீங்கை எந்நிலையிலும் விளைவிக்க முடியாது என்பதும், அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்பதும் 92 ஆம் பிரிவின் கட்டுப்பாடுகள். இரவில் வீடுடைத்தவனுக்கு எதிரான உரிமை, அவனது அத்துமீறல் தொடரும் வரை மட்டுமே நீடிக்கும் என்பது 98 ஆம் பிரிவின் வரையறை. அவன் வெறுங்கையோடு படலையைத் தாண்டி ஓடிவிட்டால் அந்த உரிமை அங்கேயே முடிகிறது. அதன் பிறகு எஞ்சுவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவு தரும் அதிகாரம் மட்டுமே: பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைத் தன் முன்னிலையில் செய்தவனையும், அத்தகைய குற்றத்தைச் செய்தானென நியாயமாக ஐயுறப்பட்டு ஓடுபவனையும் சாதாரண குடிமகன் பிடிக்கலாம், ஆனால் தேவையற்ற தாமதமின்றிப் பொலிஸிடமோ சமாதான உத்தியோகத்தரிடமோ ஒப்படைக்கவேண்டும். மரத்தில் கட்டிவைத்து அடிப்பதற்கு அப்பிரிவில் இடமில்லை.

இந்த வேறுபாடு மறக்கப்படும்போது நேர்வது என்ன என்பதை 2011 ஆகஸ்ட் மாதம் காட்டியது. உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வீடுகளுக்குள் புகுந்து பெண்களைத் தாக்குகின்றனர் என்ற செய்தி மலையகத்திலிருந்து கிழக்குக்கும் வடக்குக்கும் பரவியது. பெண்கள் உண்மையாகவே தாக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. அதே வேளை, பூதமெனச் சந்தேகிக்கப்பட்டு ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் இருவர் கும்பலால் கொல்லப்பட்டனர், புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஆகஸ்ட் 22 இரவு, மக்கள் துரத்திய நபர்கள் படைமுகாம் பக்கம் ஓடினர் என்ற குற்றச்சாட்டோடு முறுகல் வெடித்தது. அதன்பின் படையினரும் பொலிஸாரும் வீடுகளுக்குள் புகுந்து பலரைத் தாக்கிக் கைதுசெய்தனர் என்று ஊர்மக்கள் முறையிட்டனர். வீட்டைக் காக்க வெளியே வந்தவர்களின் வீடுகளுக்குள்ளேயே மறுபடி அத்துமீறல் நிகழ்ந்தது. கும்பலில் நின்ற ஒவ்வொருவருக்கும் இன்னொரு ஆபத்தும் உண்டு. சட்டவிரோதக் கூட்டமொன்றின் பொது நோக்கத்தை நிறைவேற்ற எவரேனும் ஒரு குற்றத்தைச் செய்தால், அடிக்காமல் அதில் அங்கம் வகித்தவரும் அதே குற்றத்துக்குப் பொறுப்பாவார் எனத் தண்டனைச் சட்டக்கோவையின் 146 ஆம் பிரிவு கூறுகிறது.

இதனால் ஊர்மக்களின் விழிப்புக் குழுவே வேண்டாம் என்பதல்ல. கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் பெயர்ப்பட்டியல் கொடுத்து, ஆயுதமின்றி, குறித்த வீட்டிலிருந்து தகரத்தில் தட்டும் ஒலி எழுந்தால் அவ்வீட்டின் முன் ஒன்றுகூடி ரோச் வெளிச்சம் பாய்ச்சுவது என்ற அளவில் தன் வேலையை வரையறுத்துக்கொண்ட குழு பயனுள்ளது. அடையாளம் தெரியாதவனைத் தேடிக் காட்டுக்குள் இறங்கும் குழு ஆபத்தானது.

வன்னியில் இதனினும் கொடிய ஒரு பழக்கம் வயல்காவலிலிருந்து வீட்டுக்காவலுக்குத் தாவக்கூடும். காட்டுப்பன்றிக்காக விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்து, அதன் மறுமுனையை விசையோடு பிணைத்து மறைத்துவைக்கும் கட்டுத்துவக்கும், மின்கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த மின்சாரத்தை வேலிக்கம்பியில் பாய்ச்சுவதும் விறகுக்குச் சென்றவர்களின் உயிர்களையும் பறித்திருக்கின்றன. அனுமதியற்ற சுடுகலனை வைத்திருப்பதே குற்றம். மின்சாரத்தை அவ்வாறு எடுப்பதும் குற்றம். இவற்றை வீட்டைச் சுற்றிப் பொருத்திவிட்டுத் தற்காப்பென வாதிடுவது கடினம். ஏனெனில் எவ்வளவு தீங்கு தேவை என்று அளக்கும் மனிதன் அங்கே இல்லை. நள்ளிரவில் மாடு தேடி வந்த அயல்வீட்டுச் சிறுவனும் கள்வனும் அந்தக் கம்பிக்கு ஒன்றே.

உள்ளே வருபவர் சீருடையில் வந்தால் நிலைமை சிக்கலாகும். அரச ஊழியர் தம் பதவியின் பெயரால் நன்னோக்கத்துடன் செய்யும் செயல், சட்டப்படி முழுதும் சரியாக இல்லாவிடினும், மரண பயமோ கொடுங்காய பயமோ ஏற்படுத்தாத வரை அதற்கு எதிராகத் தற்காப்புரிமை இல்லை. ஆனால் அவர் அரச ஊழியர் என்பதை அறிந்திருந்தால் அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே இத்தடை பொருந்தும் என்ற விளக்கத்தையும் தண்டனைச் சட்டக்கோவை சேர்த்திருக்கிறது. ஆகவே பெயர், பொலிஸ் நிலையம், வந்த காரணம் ஆகியவற்றைக் கதவு திறக்குமுன் உரக்கக் கேட்பது வெறும் மரியாதைக் கேள்வி அல்ல. கைதின் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை. பெண்ணைப் பெண்ணே சோதனையிடவேண்டும் என்பது நடவடிக்கைமுறைச் சட்டம். அவசரகால ஒழுங்குவிதிகள் 13(1) இன் உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடும். சித்திரவதைக்கு எதிரான 11 ஆம் உறுப்புரையை அவற்றால் தொடமுடியாது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்ய ஒரு மாதமே அவகாசம் உண்டு. அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் இந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது. தொலைவும் செலவும் நிறைந்த கொழும்புப் பயணத்துக்கு முன் வன்னி மக்களுக்கு இது மிகவும் பயன்படும் ஏற்பாடு.

சாதாரண அத்துமீறலாயின் 119 என்ற அவசர இலக்கமும் அண்மைப் பொலிஸ் நிலையமும் முதல் வழி. நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி வாய்மொழி முறைப்பாடு சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு, முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். உத்தியோகத்தருக்கு அம்மொழியில் எழுத இயலாவிடின், முறைப்பாட்டாளரையே எழுதித் தருமாறு கேட்கவேண்டும். எனவே தமிழில் சொன்னது விளங்காத எழுத்தில் எழுதப்பட்டிருந்தால் கையெழுத்து வைக்குமுன் நிறுத்திக் கேட்பது உரிமையே. பாலியல் தொல்லை சார்ந்த சம்பவங்களில் பொலிஸுக்குப் போகத் தயங்கும் பெண்கள் 1938 என்ற இலக்கத்தையோ பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ நாடலாம். முறைப்பாடு செய்தமைக்காக அச்சுறுத்தப்படுவோருக்கு, குற்றச்செயலுக்குப் பலியானோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டத்தில் பரிகாரம் உண்டு.

வெள்ளத்தாலோ மோதலாலோ வீட்டைவிட்டே வெளியேற நேரும்போது, காவல் செய்யவேண்டியது சுவரை அல்ல, காணிக்கான உரித்தை. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகாத உறையில் ஒன்றாக வைத்திருப்பதோடு, வீட்டின் ஒளிப்படத்தையும் எல்லைகளையும் தொலைபேசியில் வேறொருவருக்கு அனுப்பிவைத்தல் நன்று. திரும்பிவரும்போது பிறரொருவர் பலாத்காரமாகக் குடியேறியிருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் சமாதானக் குலைவு ஏற்படுமென நீதிமன்றத்துக்கு அறிவித்து, உடைமையை மீளப் பெறலாம். வெளியேற்றப்பட்டது அந்த அறிவிப்புக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நிகழ்ந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அது கடந்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட சிவில் வழக்கே எஞ்சும் என்பதால், ஊர் திரும்பிய குடும்பம் கிராம அலுவலரிடம் பதிவதையும் பொலிஸில் முறையிடுவதையும் முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.